பிரியங்கா தலைமேல் சத்தியம்

நெதர்லாந்து
நவம்பர் 11, 2025

அண்ணா,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். அதனால் எழுதுகிறேன். இதைப் பிரியங்கா தன் போனில் திறந்து உன் கையில் கொடுப்பாள். "எங்க நைனா படிக்கும் அத்த, திட்டிகினே படிக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். திட்டிக்கொண்டே படி. கோபத்தில் போனை மட்டும் தூக்கி எறிந்துவிடாதே, அது உன் மகளுடையது.

முப்பத்திரண்டு வயதில் என்ன இஸ்கூல் என்று நீ ஊரெல்லாம் கேட்டுச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். இஸ்கூல்தான். ஒரு ஆற்றங்கரையில் பழைய கன்னியர் மடம் ஒன்றை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு வாரம் இங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். மழை, வெள்ளம், வறட்சி எல்லாம் தலைகீழாகிக்கொண்டு வருகிறதே, அதிலிருந்து ஊர்கள் எப்படித் தப்பிப்பது என்பதுதான் பாடம். பல நாடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள். என் அறையில் இருப்பவள் வங்காளதேசத்துப் பெண். அவள் ஊரே கடலுக்குள் போய்விட்டதாம். மீன் குழம்புக்கு என்ன மசாலா போடுவோம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறாள்.

நேற்று ஒரு விவசாயியின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். உன் வயதுதான் இருக்கும். மாடு வைத்திருக்கிறார். அவர் நிலத்தை ஒட்டி ஆற்றுக்குக் கரை இருந்தது. அந்தக் கரையை அரசாங்கமே தாழ்த்திவிட்டதாம். ஆறு பொங்கினால் தண்ணீர் முதலில் அவர் நிலத்துக்குள் வரும், கீழே இருக்கிற நகரம் தப்பிக்கும். அவர் வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் மேடு போட்டு மேலே ஏற்றிவிட்டார்கள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. "உங்களுக்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன். "பல வருஷம் வந்தது. அப்புறம் மேட்டுக்கு மண் அடிக்க லாரி வந்தது, வழிகாட்டப் போய்விட்டேன்" என்றார்.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. போன வருஷம் நான் செய்தது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரியும். நம் ஏரியில் தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று கலங்கல் மேல் நீங்கள் அடுக்கிய மணல் மூட்டைகளைப் பற்றி அதிகாரிகளுக்குச் சொன்னது நான்தான். மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வாசலை அடைத்தால் கரை தாங்காது என்று பயந்து சொன்னேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ கேட்டிருக்கமாட்டாய். அதுவும் நிஜம்.

இந்த வருஷமும் அடுக்கியிருக்கிறீர்களா அண்ணா? அதை மட்டும் எழுது.

யுவஸ்ரீ

---

ஐப்பசி 28, வெள்ளி

யுவஸ்ரீக்கு,

முதலில் ஒரு விஷயம். ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலைமேல், காவடிக் கூட்டத்துக்கு நடுவில், என் கையால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. ஆகவே எழுதுகிறேன். பிரியங்கா படம் எடுத்து அனுப்புவாள். என் சத்தியத்தில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டதாகச் சிரிக்காதே.

கேட்டாயே, அடுக்கினீர்களா என்று. ஆங், அடுக்கினோம். போன வருஷத்தைவிட ஒரு வரிசை கூடவே அடுக்கினோம். ஆர்.கே.பேட்டை ரோட்டில் நின்று பார்த்தாலே தெரியும். வந்து பார். பார்த்துவிட்டு இந்த முறை எந்த ஆபீசுக்கு எழுதுவாய்?

போன வருஷம் அந்த மூட்டைகளை ஆள் வைத்துப் பிரித்தார்கள். ஏரித் தண்ணீர் ஓடையில் இறங்கிப் போவதை ஊரே கரைமேல் நின்று பார்த்தது. நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டவன் எல்லாம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றான். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாமல் ஆறேழு மாதம் ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்பட்டோம். சங்கத்து ஜெகநாதன்தான் ஆபீசில் விசாரித்து, மலையில் வந்து என் காதில் சொன்னான். "வேற யாரும் இல்லண்ணா, உன் தங்கச்சிதான்." பால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏரிச் சங்கத்துக்குத் தலைவன் நான். என் வீட்டிலேயே.

உன் அண்ணி இறந்து போன பிறகு பிரியங்காவுக்குத் தலை பின்னிவிட்டவள் நீ. அதனால்தான் அவள் தலைமேல் சத்தியம் செய்தேன். வேறு எதன் மேல் செய்தாலும் நானே ஒருநாள் மீறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். உன்னோடு ஒரு வார்த்தை பேசினால் அவளுக்கு ஆகாது. கோபம் ஆறினாலும் அது ஆறாது. புரிந்துகொள்.

உன் மாட்டுக்காரரைப் பற்றி எழுதியிருந்தாய். நிலத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு விவசாயி என்றா பெயர்? இதைப் படிக்கவா ஏரோப்பிளேன் ஏறிப் போனாய்? எனக்கும் வாயடைத்துத்தான் போயிற்று.

குளிராக இருக்கும். காதைக் கட்டிக்கொள்.

ஆதிகேசவன்

---

நெதர்லாந்து
நவம்பர் 20, 2025

அண்ணா,

அவள் தலைமேலா?

ஆடியிலிருந்து இத்தனை மாதமாக, ஏதோ கோபத்தில் கற்பூரம் அடித்திருக்கிறாய், கார்த்திகை தீபத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியங்கா தலைமேல் என்று அவளும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியவள் அவள்தானே, அதைப் படித்திருப்பாளே. கேட்டேன். "எனக்குத் தெரியும் அத்த. கற்பூரம் அடிக்கச்சொல்லோ பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்" என்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே எப்படி உன்னால் முடிந்தது? ஒரு நாள் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டார்கள், எந்த மொழியில் பதில் சொன்னேன் என்றுகூடத் தெரியவில்லை.

சரி. நீ சொன்ன மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

இங்கே ஒரு மேசை இருக்கிறது. நம் வீட்டுக் கூடம் அளவு. அதன்மேல் களிமண்ணும் மணலும் போட்டு ஊரைச் செய்கிறார்கள், மேலிருந்து மழை மாதிரி தண்ணீர் விடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் ஊரைக் கொண்டுவர வேண்டும். நான் நம் ஏரியைக் கொண்டுவந்தேன். மேடு பள்ளத்தை எல்லாம் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். கரையை என் கையால் பிடித்தேன். கலங்கல், ஓடை, தெற்கு மதகு, மதகுக்குக் கீழே நம் தெரு, பள்ளிக்கூடம். எல்லாம் வைத்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன், சின்ன வயதில் ஏரி வண்டலில் வீடு கட்டி விளையாடிய மாதிரி.

முதலில் கலங்கலைத் திறந்தே வைத்து மழை விட்டோம். நிரம்பியது, வழிந்தது, ஓடையில் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பிறகு சின்னச் சின்னத் துணிப்பைகளில் மணல் கட்டிக் கலங்கல் மேல் அடுக்கினேன், நீங்கள் அடுக்குகிற மாதிரியே. மறுபடி மழை.

கலங்கல் உடையும் என்று நினைத்தேன். உடையவில்லை. தெற்கு மதகுப் பக்கம் கரை ஈரமாகி, மெல்லக் கசிந்து, கண்ணெதிரே சரிந்து விழுந்தது. தண்ணீர் நேராக நம் தெருவுக்குள் இறங்கியது. மழை என்றால் ஜனங்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கிற பள்ளிக்கூடம் முதலில் போயிற்று.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள் அண்ணா. சோதனை நன்றாக வந்துவிட்டது என்று கைதட்டினார்கள். அந்தத் தெருவில் என் அண்ணன் மகள் இருக்கிறாள் என்று சொன்னேன். கைதட்டல் நின்றது.

இரண்டு மூன்று வரிசையாவது எடுத்துவிடு. எல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டால்கூடக் கரைமேல் இருக்கிற பாரம் குறைந்துவிடும். வங்கக் கடலில் புயல் ஒன்று உருவாகிக்கொண்டிருப்பதாக இங்கேயே சொல்கிறார்கள். நான் எந்த ஆபீசுக்கும் எழுதப்போவதில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

யுவா

---

கார்த்திகை 9, செவ்வாய்

யுவஸ்ரீக்கு,

நீ பிடித்தது களிமண் கரை. நம் கரை உன் பாட்டன் முப்பாட்டன் மிதித்து மிதித்துக் கெட்டிப்பட்ட கரை. இரண்டும் ஒன்றா? மேசைமேல் அடங்குகிற ஏரியை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறாய்.

ஏரி நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கலங்கலில் கிடா வெட்டினோம். மஞ்சள், குங்குமம், பச்சைப் புடவை எல்லாம் தண்ணீரில் விட்டோம். திருத்தணியிலிருந்துகூட ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஏரி ததும்பி நிற்பதைப் பார்த்து ராஜமாணிக்கம் மாமா அழுதுவிட்டார். சம்பா கரையேறும், நவரையும் தாராளமாகப் போடலாம். இதைத் திறந்துவிடச் சொல்கிறாய் நீ.

அன்றைக்கே ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்தாயிற்று. மூட்டைமேல் எவன் கை வைத்தாலும் அவனுக்கு ஏரித் தண்ணீர் கிடையாது, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. அந்த வார்த்தையைச் சொன்னவனே நான்தான். நான் சொன்னால்தான் என்மேல் சந்தேகம் வராது. போன வருஷத்துக் கதைக்குப் பிறகு என் நிலைமை அப்படி இருக்கிறது. அதற்கும் நீதான் காரணம்.

தெற்கு மதகில் கசிவு இருக்கிறது என்பது நிஜம்தான். அது என்றைக்கு இல்லை? மதகு பார்க்கிற சக்திவேல் போய்ப் பார்த்துக் களிமண் வைத்து அடைத்துவிட்டு வந்தான். நீ உடனே கண்ணைக் கசக்காதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் சண்டை. எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். "அத்த சொல்றது பொய்யா நைனா? ஒரு பக்கம் தொறந்தா இன்னா ஆயிடும்?" என்று சோறு போடும்போது கேட்கிறாள். "உங்க அத்த மண்ணுல பொம்ம செஞ்சி வெள்ளாடிகினு கீது, அதப் போயி நம்பிகினு" என்றேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு எழுதுகிறாயா, எனக்கு எழுதுகிறாயா? எனக்கு என்றால் ஏரியைப் பற்றி எழுதாதே. அங்கே என்ன சாப்பிடுகிறாய், எப்போது திரும்புகிறாய், அதை எழுது.

ஆதிகேசவன்

---

நெதர்லாந்து
டிசம்பர் 1, 2025, மாலை

அண்ணா,

ரசூல் என்று ஒருவர் திருத்தணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "பாப்பா உசுரோட இருக்குதும்மா, பயப்படாத. உங்க நம்பரத்தான் சொல்லிச்சு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. அதற்கு மேல் எதுவும் தெரியாது. பிரியங்காவுக்கு எங்கே அடி, எப்படி எடுத்தார்கள், இப்போது நினைவு இருக்கிறதா, எதுவும் தெரியாது. இதை அவர் போனுக்குத்தான் அனுப்புகிறேன். அவர் உன் கையில் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

என் பக்கத்தில் இருக்கிறவர்கள் தண்ணீர் கொடுக்கிறார்கள், தோளைத் தடவுகிறார்கள்.

அங்கே மதியம் ஆனபோது உனக்கு அத்தனை தடவை அடித்தேனே. மணி போயிற்று அண்ணா. உன் போன் நல்லாத்தான் மணி அடித்தது. எங்கே இருந்தாய்? உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? ஏன் எடுக்கவில்லை?

யாராவது எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

யுவா

---

கார்த்திகை 18, வியாழன்
திருத்தணி ஆஸ்பத்திரி

யுவாவுக்கு,

பிரியங்கா பிழைத்துவிட்டாள். முதலில் அதைப் படித்துக்கொள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. முதுகெல்லாம் முள் கிழித்திருக்கிறது. நேற்றுதான் கஞ்சி குடித்தாள். அவள் போன் தண்ணீரோடு போய்விட்டது. ரசூல் பாய் போனில்தான் உன் கடிதத்தைப் படித்தேன். இதையும் அவர்தான் படம் எடுத்து அனுப்புவார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு ராத்திரியே கரண்ட் போய்விட்டது. திங்கட்கிழமை விடிந்தும் மழை விடவில்லை. ஊரில் ஒருத்தர் போனிலும் சார்ஜ் இல்லை, என் பட்டன் போன் ஒன்றைத் தவிர. மதியம் "கோயில்ல ஜெனரேட்டர் போட்டுகினு கீறாங்க, சார்ஜ் போட்டுகினு வரேன் நைனா" என்று பிரியங்கா குடையை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. உன் பெயர். நின்றது, மறுபடி அடித்தது. நின்றது, மறுபடி அடித்தது. அத்தனை தூரத்திலிருந்து மூட்டையைப் பற்றித்தான் கத்தப்போகிறாய் என்று நினைத்தேன். ஒரு முறை பட்டன்மேல் விரலை வைத்துவிட்டேன். பிறகு அவள் தலை ஞாபகம் வந்தது. போனை அரிசிக் குண்டானில் போட்டு மூடிவிட்டேன். உள்ளேயும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம்தான் "கலங்கல் போவுது, கலங்கல் போவுது" என்று ஜனங்கள் ஓடி வந்தார்கள். மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீர் வழிகிறது. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். பிரியங்கா கோயிலில் இருக்கிறாள் என்று நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் வேடிக்கை பார்க்கத்தான் அங்கே போயிருக்கிறாள் போலிருக்கிறது. கால் வழுக்கி விழுந்திருக்கிறாள். ஓடை அவளை இழுத்துக்கொண்டு தரைப்பாலம் வரை போயிருக்கிறது.

ரசூல் பாய்க்குத் திருத்தணியில் மெக்கானிக் கடை. தரைப்பாலத்தில் நின்றுபோன பால் வண்டியை இழுக்க வந்தவர். கருவேல முள்ளில் ஏதோ துணி மாட்டியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். அந்தத் துணி அசைந்திருக்கிறது. வண்டி இழுக்கிற கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாராம். நான் அவர் காலைத் தொட்டேன். அவர் பதறிப்போய் விலகிவிட்டார்.

கரை நிற்கிறது. தெரு நிற்கிறது. மூட்டை பாதி போயிற்று, தண்ணீரும் பாதி போயிற்று. அதெல்லாம் போகட்டும்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாய். யோசித்துப் பார். நான் எடுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்? அதே நேரத்தில்தான் அவள் தண்ணீரில் இருந்திருக்கிறாள். சத்தியம் உடைந்திருந்தால் அந்த முள் அவளைப் பிடித்திருக்குமா? ரசூல் பாய் அந்தப் பக்கம் திரும்பியிருப்பாரா? நீ விடாமல் அடித்தாய், நான் விடாமல் இருந்தேன். அதனால்தான் பிழைத்தாள். ஊரே முருகன் என்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன். இனி இந்த ஜென்மத்தில் உன்னோடு பேசமாட்டேன் யுவா. கோபம் இல்லை. கோபம் திங்கட்கிழமையே போய்விட்டது. பயம்.

ஆதிகேசவன்

---

நெதர்லாந்து
டிசம்பர் 5, 2025

அண்ணா,

நேற்று இங்கே கடைசி நாள். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் மேடைக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பிரியங்கா ஆஸ்பத்திரியில் மறுபடி கண் விழித்ததும் ரசூல் பாய் போனிலிருந்து என்னிடம் இரண்டே வார்த்தை பேசினாள். "நைனாகிட்ட சொல்லாத." சரி என்றேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை அண்ணா.

அன்று காலை வகுப்பில் இருந்தேன். அங்கே உங்களுக்கு மதியம். கோயிலில் கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் அவள் எனக்குச் செய்தி அனுப்பினாள். அதை அப்படியே எழுதுகிறேன். "அத்த, மதகுகிட்ட தண்ணி பொங்குது. களிமண்ணு நிக்கல. நான் கலங்கலுக்குப் போறேன். ஒரு பக்கம் மூட்டய பிரிச்சா போதும்னு நீ எழுதுனல்ல? யாரும் இல்ல, எல்லாரும் வீட்டுக்குள்ள கீறாங்க. நைனாவுக்கு ஊர்ல கெட்ட பேரு வரக்கூடாது, அதான் நானே."

அவள் போனுக்கு அடித்தேன். மணி போயிற்று, எடுக்கவில்லை. பிறகு அணைந்துவிட்டது. ஊரில் எனக்குத் தெரிந்த நம்பர் எல்லாம் அடித்தேன். எல்லாம் செத்துக் கிடந்தது. உன் போன் ஒன்றுதான் அடித்தது.

நீ வீட்டில் இருந்தாய். வீட்டிலிருந்து கலங்கல் எவ்வளவு தூரம் அண்ணா? ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் போய்விடலாம். நான் மூட்டையைப் பற்றிக் கத்துவதற்காக அடிக்கவில்லை. "பிரியங்கா தனியாகக் கலங்கலுக்குப் போகிறாள், ஓடு" என்று சொல்ல அடித்தேன். நீ பேசக்கூட வேண்டியிருந்திருக்காது. காதில் வைத்துக் கேட்டிருந்தால் போதும். அவள் தலையைக் காப்பாற்ற அந்தப் போனை அரிசிக்குள் புதைத்தாயே, அந்தப் போனுக்குள் அவள்தான் இருந்தாள்.

நான் நல்லவள் என்று இதை எழுதவில்லை. அவளை அங்கே அனுப்பியது என் கடிதம். ஒரு பக்கம் திறந்தால் போதும் என்று எழுதியவள் நான். ததும்பி நிற்கிற கலங்கலில் மேல் மூட்டையை இழுத்தால் இழுக்கிறவரையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்று எழுதவில்லை. உனக்கு எழுதுவதாக நினைத்து எழுதினேன். உனக்கு அது தெரியும், உன்னோடு பத்து ஆள் போவார்கள் என்று நினைத்தேன். மேசைமேல் அந்தத் துணிப்பைகளை நான் இரண்டு விரலால் எடுத்துவிட்டேன் அண்ணா. நனைந்த நிஜ மூட்டை எவ்வளவு கனம் என்று யோசிக்கக்கூட இல்லை.

அவள் மூட்டையைப் பிரித்ததால்தான் கரை நிற்கிறது. உன் தெரு நிற்கிறது. ஊரில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் அவளுக்கு ஏரித் தண்ணீர் கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். நீ சொன்ன தீர்ப்புதான்.

நான் செவ்வாய்க்கிழமை வந்து சேருவேன்.

யுவஸ்ரீ

---

கார்த்திகை 21, ஞாயிறு
திருத்தணி ஆஸ்பத்திரி

யுவா,

ரசூல் பாய் போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தவர் என்னைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். போனைக் கீழே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. உடையவில்லை.

பிரியங்காவிடம் போய்க் கேட்டேன். "நீயாம்மா பிரிச்ச?" "ஆங்" என்றாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னனே நைனா. சோறு போடச்சொல்லோ சொன்னனே" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்றும் இல்லை. நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்கிறாள். ரசூல் பாய் வந்தால் சிரிக்கிறாள். நான் கஞ்சியை நீட்டினால் வாங்கிக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். கற்பூரம் எதுவும் அடிக்கவில்லை. யார் தலைமேலும் சத்தியம் செய்யவில்லை. சும்மாவே பேசவில்லை.

நேற்று மலைக்குப் போய்க் குருக்களிடம் பரிகாரம் கேட்கலாம் என்று கிளம்பினேன். படிக்கட்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். முருகன் என்னிடம் என்ன கேட்டார்? அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பிள்ளையை இழுத்து நடுவில் வைத்தவன் நான்.

அங்கிருந்து நேராக ஊருக்குப் போனேன். மிச்ச மூட்டைகளை நானே இழுத்துப் போட்டேன். ஜெகநாதன் ஓடி வந்து, "இன்னாண்ணா, உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கையைப் பிடித்தான். திங்கட்கிழமை பிரித்தது என் மகள், இன்றைக்குப் பிரிப்பது நான், இரண்டு பேருக்கும் சேர்த்துத் தண்ணீரை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். கரைமேல் கூட்டம் சேர்ந்துவிட்டது. ராஜமாணிக்கம் மாமா மட்டும் இறங்கி வந்து ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தார். இரண்டு பேர் தூக்கினாலும் கனக்கிறது யுவா. அவள் எப்படி இழுத்தாள் என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வருவதாக எழுதியிருக்கிறாய். அதுவரை என்னால் முடியாது. நாளைக் காலை கூப்பிடு. என் நம்பருக்கே கூப்பிடு, எடுக்கிறேன். எடுக்கும்போது பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் எடுக்கிறேன். என்னோடு நீ பேச வேண்டாம். போனை அவள் காதில் வைக்கிறேன். ஏதாவது பேச்சுக் கொடு, அந்த மாட்டுக்காரரைப் பற்றிச் சொல், என்னைத் திட்டினாலும் சரி. அவள் உன்னோடு பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குரலைக் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்